பாஸ்புக் இருந்தா மட்டும் போதுமா?
இருளர் சகோதரிகளும் வங்கியும் – நாம் செய்ய வேண்டியது என்ன?



மார்கழி மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து, கணக்குப் புத்தகங்களை எல்லாம் கட்டி வைத்துக்கொண்டு இருந்தோம். வாசல் ஓரமாக ஒரு இருளர் சகோதரி நின்றுகொண்டிருந்தார். பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ஏரிக்கரையில் குடியிருப்பவர். "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டும் வரவில்லை. இடுப்பில் சொருகி வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பாஸ்புக்கை எடுத்து நீட்டினார்.

"அக்கா, இதுல காசு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. நாலு வருசமா வச்சிருக்கேன். பேங்குக்குப் போனா மிசின்ல போட்டுப் பாருன்றாங்க. எனக்கு அந்த மிசினு தெரியாது."

வாங்கிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் போட்டோ, பெயர், கணக்கு எண். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. ஒரு வரிகூட அச்சாகவில்லை. ஏதோ ஒரு முகாமில் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். அதோடு சரி.

மறுநாள் நம் பிரதிநிதி ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த வங்கிக்குப் போனார். கணக்கு 'செயல்படாத கணக்கு' என்று நின்றுபோயிருந்தது. ஆனால் அதில் 2,700 ரூபாய் இருந்தது! காஸ் சிலிண்டர் மானியம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தண்டல்காரரிடம் 3,000 ரூபாய் வாங்கி நாள்தோறும் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். சொந்தப் பணம் வங்கியில் தூங்க, வெளியில் வட்டி கட்டியிருக்கிறார்.

திரும்பி வரும்போது அவர் சொன்னதுதான் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. "தை பொறந்தா சூளைக்குப் போகணும்க்கா. அட்வான்ஸ் வாங்கியாச்சு. அடுத்த வருசமாவது போகாம இருக்கணும்னா நாங்க என்ன பண்ணணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம், வாருங்கள்.

யார் இவர்கள்?

நம் பகுதியில் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், தோப்பு, சூளை என்று ஒதுங்கி வாழ்கிறவர்கள் இருளர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் இருளர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் அதிகம் வாழ்கிறார்கள். பழங்குடிகளிலேயே மிகவும் நலிந்த பிரிவினர் என்று அரசு அறிவித்துள்ள சமூகங்களில் இருளரும் ஒன்று.

பாம்பு பிடிப்பது, மீன் பிடிப்பது, மூலிகை சேகரிப்பது, வயலில் எலி பிடிப்பது இவர்களுடைய பழைய தொழில்கள். பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-ல் தடை செய்யப்பட்ட பிறகு பலருக்குப் பிழைப்பு போனது. அதற்கு மாற்றாக 1978-ல் மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலை. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் சங்கத்தில் இடம் கிடைத்தது சில நூறு பேருக்குத்தான். மற்றவர்கள் செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், மரம் வெட்டவும் போனார்கள்.

ஆவடி பருத்திப்பட்டுப் பக்கம் நரிக்குறவர் சமுதாயத்தினரும் வாழ்கிறார்கள். பாசிமணி, ஊசி விற்கிறவர்கள். இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. திருவிழா, சந்தை என்று மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவதால் இவர்களுடைய வங்கிக் கணக்குகளும் தூங்கிப் போய்விடுகின்றன.

எதிரிலேயே பேங்க், ஆனாலும் தூரம்

ஜவ்வாது மலையிலோ, நீலகிரியிலோ இருக்கிற பழங்குடி மக்களுக்கு வங்கி என்றால் முதல் பிரச்சினை தூரம். மலை இறங்க வேண்டும், பஸ் கிடைக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும்.

நம் பகுதியில் அப்படி இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடியில் பெரிய பெரிய அரசுத் தொழிற்சாலைகள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வரிசையாக வங்கிகள், தெருவுக்கு ஒரு ஏ.டி.எம். ஆனாலும் அந்தச் சகோதரி வங்கி வாசலில் நின்று திரும்பி வந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு, காவலாளி, படிவம், "ஆதார்ல பேரு வேற மாதிரி இருக்கே" என்ற கேள்வி – இதுதான் இங்கே தூரம்!

கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம், சகோதரிகளே. நாமும் ஒரு காலத்தில் இப்படித்தான் நின்றோம். 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது, இனி ஏழைக்கும் வங்கி என்றார்கள். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாத, சொத்து இல்லாத பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வைத்து, குழுவுக்கு வங்கிக் கடன் கொடுத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து போனபோதுதான் மேனேஜர் "உக்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். தனியாகப் போயிருந்தால் நமக்கும் அந்த நாற்காலி கிடைத்திருக்காது.

அப்புறம் 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன் தன் திட்டம் வந்தது. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் கணக்குத் திறக்கலாம். இன்று நாடு முழுவதும் 50 கோடிக்கும் மேல் ஜன் தன் கணக்குகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பெண்களுடையது. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு இருப்பது வேறு, வங்கிச் சேவை கிடைப்பது வேறு. அந்த வெள்ளைப் பாஸ்புக்கே அதற்குச் சாட்சி.

வங்கி இல்லாத இடத்தில் யார் வருகிறார்?

அவசரத்துக்குப் பணம் எல்லாருக்கும் வேண்டும். பிரசவம், காய்ச்சல், சாவு, மழையில் கூரை சரிந்தது என்று செலவு சொல்லிக்கொண்டா வருகிறது? வங்கியும் குழுவும் இல்லாத வீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள்.

முதல் ஆள் தண்டல்காரர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் தண்டல். கையில் கொடுக்கும்போதே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதாவது மூன்றேகால் மாதத்தில் வட்டி மட்டும் 1,500 ரூபாய்.

இதே 8,500-ஐ நம் குழுவில் மாதம் ஒரு வட்டிக்கு (நூற்றுக்கு ஒரு ரூபாய்) உள்கடனாக வாங்கி, நாலு மாதத்தில் சமமாகத் திருப்பினால் வட்டி எவ்வளவு? முதல் மாதம் 85, அடுத்து 63.75, அடுத்து 42.50, கடைசி மாதம் 21.25. மொத்தம் 212 ரூபாய் 50 காசு. அதுவும் வெளியே போகவில்லை, நம் குழுவுக்கே வருகிறது.

இரண்டாவது ஆள் மேஸ்திரி. இவர் வட்டியே கேட்க மாட்டார். இருபதாயிரமோ முப்பதாயிரமோ முன்பணம் தருவார். "சூளைக்கு வந்து கல் அறுத்துக் கழிச்சுடு" என்பார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போவார்கள். பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடவே போகும். அங்கே கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் பாதியை முன்பணத்துக்குப் பிடிப்பார்கள். மீதி அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். சீசன் முடியும்போது கணக்குப் பார்த்தால் பாக்கி இன்னும் நிற்கும். "அடுத்த வருசமும் வா" என்பார்கள். கணக்கு நோட்டு முதலாளி கையில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் சொல்வதுதான் கணக்கு.

இப்படிச் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகச் சிக்கிய இருளர் குடும்பங்களை திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அதிகாரிகள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கொடுத்த கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல் பிடித்து வைப்பது குற்றம். அப்படிப்பட்ட கடன் சட்டப்படி செல்லாது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்து, 2016-ன் மறுவாழ்வுத் திட்டப்படி, ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று உதவித்தொகை உண்டு.

அந்தப் பணமும் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வரும். கணக்கு ஓடவில்லை என்றால் விடுதலை ஆன குடும்பம் பணத்துக்குக் காத்திருக்கும். காத்திருக்க முடியாதவர்கள் திரும்பவும் முன்பணம் வாங்குவார்கள். ஒரு பாஸ்புக்கில் இவ்வளவு விஷயம் இருக்கிறது, சகோதரிகளே!

வழியில் நிற்கும் நான்கு பூட்டுகள், அவற்றுக்குச் சாவிகள்

1. "ஆவணம் இல்லை"

கணக்குத் திறக்க ரேஷன் கார்டு மட்டும் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணங்கள்: ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு அதிகாரி கையெழுத்துள்ள ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். பான் கார்டு இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள உறுதிமொழிப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம்.

ஆதாரில் ஒரு முகவரி, இப்போது குடியிருப்பது வேறு இடம் என்றால்? இப்போதைய முகவரியைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவர்களுக்கு இது முக்கியம்.

எந்த ஆவணமுமே இல்லை என்றால்? அப்போதும் வழி உண்டு. அதன் பெயர் 'சிறு கணக்கு'. போட்டோவோடு போய், வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். இந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஒரு வருடத்தில் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கணக்கு 12 மாதம் ஓடும். அதற்குள் ஆதார் போன்ற ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீடிக்கும். அதற்குள் ஆவணம் வாங்கிவிட வேண்டும். ஆதார் முதல்முறை எடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குத் திறக்கச் சாதிச் சான்றிதழ் தேவையே இல்லை. மானியக் கடனுக்கும், படிப்பு உதவிக்கும்தான் அது வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்ட அளவிலான அதிகாரிதான் தருவார், தாசில்தார் அல்ல. அது தாமதமாகிறது என்பதற்காக வங்கிக் கணக்கையும் தள்ளிப் போட வேண்டாம்.

2. "கணக்கு செத்துப் போச்சு"

இரண்டு வருடம் நாம் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று வைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், பணம் எங்கும் போகாது. ஆதாரும் போட்டோவும் கொண்டுபோய்க் கொடுத்து மறுபடி உயிர் கொடுக்கலாம். இதற்கு வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது. இவை ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்டு, அதே ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள்.

சாதாரண சேமிப்புக் கணக்கில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு கேட்கும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் முதல்முதலாக வந்தபோது, சில வங்கிகள் அந்த 1,000 ரூபாயில் இந்த அபராதத்தைக் கழித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தது நினைவிருக்கும். ஆகவே கணக்குத் திறக்கும்போதே "குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வேண்டும்" என்று வாய் திறந்து கேளுங்கள். அதில் பாஸ்புக் இலவசம், ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம்.

சிலருக்கு இரண்டு மூன்று முகாம்களில் இரண்டு மூன்று கணக்குகள் திறந்திருப்பார்கள். ஆதார் எண்ணோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ, ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அதில்தான் விழும். "பணம் வரலை" என்பவருக்கு வேறு கணக்கில் வந்து கிடக்கலாம். எது இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. "கைரேகை விழலை"

கல் அறுத்து, மண் மிதித்து, வலை இழுத்துத் தேய்ந்துபோன விரலில் ரேகை எங்கே இருக்கும்? மிஷின் 'இல்லை' என்று சொன்னால், அவர்கள் "அப்ப நமக்குக் கிடைக்காது" என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். விரல் விழவில்லை என்றால் கண், முகம் வழியாகச் சரிபார்க்கும் முறையும் ஆதாரில் இருக்கிறது. அந்தக் கருவி அங்கே இல்லை என்றாலும் பரவாயில்லை. பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்கே போய், பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து எடுக்கலாம்.

வங்கி முகவர்களை 2006-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரும் பணம் எடுத்துத் தருகிறார். வீட்டு வாசலுக்கே வருவது நல்ல வசதி. ஆனால் எச்சரிக்கை வேண்டும். விரல் வைத்த உடனே ரசீது கேளுங்கள். "சரியா விழலை, இன்னொரு வாட்டி வைம்மா" என்று சொன்னால், முதல் தடவை பணம் போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு வையுங்கள். வங்கி முகவர் உங்களிடம் தனியாகக் கமிஷன் வாங்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு 50 ரூபாய் பிடித்தால், "எந்த விதிப்படி?" என்று கேளுங்கள்.

4. "பயமா இருக்குது"

இதுதான் பெரிய பூட்டு. இதற்குச் சட்டம் போட்டுச் சாவி செய்ய முடியாது. கூட ஒரு ஆள் போக வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை நாம் பேசுவோம். இரண்டாவது தடவை அவர் பேச, நாம் பக்கத்தில் நிற்போம். மூன்றாவது தடவை அவரே போவார். நமக்கும் ஊக்குநர் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்?

விதிப்படி கேட்டும் வங்கியில் மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

20 ரூபாயில் 2 லட்சம்

கணக்கு ஓட ஆரம்பித்ததும் முதலில் செய்ய வேண்டியது விபத்துக் காப்பீடு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். பாம்பு கடித்து இறந்தாலும் கிடைக்கும். ஆனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதற்கான பதிவு வேண்டும். பாம்போடும் எலி வளையோடும் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதைவிட அவசியமான திட்டம் எது? ஆனால் கணக்கில் அந்த 20 ரூபாய் இருந்தால்தான் பிரீமியம் போகும். வெள்ளைப் பாஸ்புக்கில் அது நடக்காது.

வாரிசு நியமனத்தையும் மறக்காதீர்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

நம் குழுக் கதவு திறந்திருக்கிறதா?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம் பேசுவோம். வங்கி அவர்களை வாசலில் நிறுத்துகிறது என்று சொல்கிறோம். நாம் என்ன செய்கிறோம்? நம் கூட்டமைப்புக் குழுக்களில் எத்தனை இருளர் சகோதரிகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டோம். ஏன் என்று கேட்டால் வந்த பதில்கள்: "அவங்க சூளைக்குப் போயிடுவாங்க, மாசா மாசம் சந்தா கட்ட மாட்டாங்க." "கடன் கொடுத்தா எங்க போய்த் தேடுறது?" "நம்ம கூட உக்காந்து பழக்கம் இல்ல."

முன்னொரு காலத்தில் மேனேஜர் நம்மைப் பார்த்துச் சொன்னதும் இதே வார்த்தைதான்! "சொத்து இல்ல, கையெழுத்து இல்ல, கடன் கொடுத்தா எங்க போய்த் தேடுறது?" என்றார். நாம் திருப்பிக் கட்டிக் காட்டினோம். அவர்களுக்கு அந்த வாய்ப்பையே நாம் கொடுக்கவில்லை.

அவர்களைக் குழுவாகச் சேர்க்க விதிகள் சாதகமாகவே இருக்கின்றன:

குழு என்றால் பத்துப் பேராவது வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு ஐந்து பேர் இருந்தாலே குழு அமைக்கலாம் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் சலுகை தந்திருக்கிறது. ஏரிக்கரையில் ஐந்தாறு வீடுதான் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டியதில்லை.

குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் திறக்க எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் தேவையில்லை. பொறுப்பாளர்களின் ஆவணம் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டு மூன்று பேரிடம் ஆதார் இருந்தால் குழுவைத் தொடங்கிவிடலாம். மற்றவர்கள் கடன் வாங்கும் நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்பைக் கடனுக்காகப் பிடித்து வைக்கவும் கூடாது.

சந்தா கட்டுவதை அவர்கள் பிழைப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். மாதம் 200 முடியாவிட்டால் வாரம் 20 ரூபாய் கட்டட்டும். வெளியூர் போகிற மாதங்களுக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி விலக்குக் கொடுக்கலாம். மீன் கிடைக்கும் மாதத்தில் கூடுதலாகக் கட்டட்டும். விதி குழுவுக்காகத்தான், குழு விதிக்காக இல்லை.

திருக்கழுக்குன்றம் அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-லிருந்து மூலிகை வளர்த்து, மருந்து செய்து விற்று வருகிறது. "அவங்களால முடியாது" என்று சொல்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தச் சகோதரிக்கு என்ன சொன்னோம்?

அவருடைய கணக்கு நாலு நாளில் உயிர் பெற்றது. முதலில் 500 ரூபாய் எடுத்தார். பாஸ்புக்கில் முதல் வரி அச்சானதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். 20 ரூபாய்க் காப்பீட்டில் சேர்ந்தார். ஆனாலும் தை பிறந்ததும் சூளைக்குப் போய்விட்டார். வாங்கிய முன்பணத்தை நம்மால் ஒரே நாளில் அழிக்க முடியவில்லை. போகும் முன் அவருக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தோம். "தினம் எத்தனை கல்லுன்னு கோடு போட்டு வைங்க. பாக்கி எவ்வளவுன்னு அவங்க சொல்றப்ப உங்க கணக்கும் கையில இருக்கட்டும். வெளியே விட மாட்டேன்னு மிரட்டினா எங்களுக்கு ஒரு போன் போடுங்க, கோட்டாட்சியர் வரைக்கும் நாங்க வர்றோம்" என்று சொன்னோம். வீட்டில் இருக்கும் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரும் வாரம் 20 ரூபாய் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து பேர். குழு ஆகிவிட்டது.

"அடுத்த வருசம் போகாம இருக்கணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். ஆடி மாதம் முன்பணத்தோடு மேஸ்திரி வாசலுக்கு வரும்போது, "வேணாம், எங்க குழுவுல வாங்கிக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு ஒரு குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் பணம் இருக்க வேண்டும். ஆடிக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன.

இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இந்த ஐந்தைத் தீர்மானமாக எழுதுங்கள்:

1. நம் ஊராட்சியில், வார்டில் இருளர், நரிக்குறவர் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து வருவது.

2. அவர்களிடம் உள்ள பாஸ்புக்குகளை வாங்கி, வரி போட்டுக் கொடுத்து, கணக்கு ஓடுகிறதா என்று சொல்வது.

3. நின்றுபோன கணக்குகளுக்கு உயிர் கொடுக்க, ஒரு நாள் ஒன்றாகச் சேர்ந்து வங்கிக்குப் போவது. போகும் முன்பே மேனேஜரிடம் நாளும் நேரமும் கேட்டுக்கொள்வது.

4. ஆவணமே இல்லாதவர்கள் பட்டியலைக் கூட்டமைப்புக்குக் கொடுப்பது. சிறு கணக்குக்கும் ஆதார் முகாமுக்கும் நாங்கள் ஏற்பாடு கேட்கிறோம்.

5. ஐந்து பேர் சேர்ந்தால் குழு. அந்தக் குழுவுக்கு ஆறு மாதம் கணக்கு எழுதிக் கொடுக்க நம்மில் ஒருவர் பொறுப்பேற்பது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருப்பவர்களும் ஊர்தான், சகோதரிகளே. அவர்களும் வடம் பிடித்தால்தான் அது ஊர்த் தேர். அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் குழு எத்தனை பாஸ்புக்குகளைப் பார்த்தது என்று கேட்போம். பதிலோடு வாருங்கள்!